அலர்: ஒரு சொல்லின் பொருளும் சுமையும்

அலர் எனுஞ் சொல்லுக்கு மலர் என்றும் பழிச்சொல் என்றும் அகராதிகள் பொருள் தருவன. தொடர்பற்ற இரு பொருள்கள் போன்று தோன்றும் இவற்றுக்கு விரிதல் எனும் வினையே அடிப்படை என்பது எமது கருத்து. பூ விரிவது போன்றே ஊரார் பேச்சும் விரிகின்றது. இறையனார் களவியலுரை இத்தொடர்பை நன்கு உணர்ந்துள்ளது. சொல்லாக வெளிப்படாது குறிப்பளவில் முகிழ்த்து நிற்பதை அம்பல் என்றும், இன்னானோடு இன்னாள் எனச் சொல்லாகவே வெளிப்பட்டதை அலர் என்றும் அவ்வுரை வேறுபடுத்தும்.

எனவே, அலரைப் பழி எனும் சொல்லாற் பெயர்ப்பது போதாது. பழி குற்றமற்றவர் மீதும் சுமத்தப்படலாம். வீண்பழி என்னும் வழக்கு அதனாலேயே உண்டு. அகப்பாடல்களிலே அலருக்கு ஆளாகும் காதலோ பெரும்பாலும் உண்மையானது. பொய்யாக இருப்பது அதன் அளவுதான். ஒருநாட் கண்ட காட்சி, திங்களைப் பாம்பு கொண்ட செய்தி போல் எங்கும் பரவியது எனக் குறட்டலைவி வருந்துவது (1146) இவ்வளவு மிகுதியையே.

அலரோடு சேர்ந்து வரும் தூற்றுதல் என்ற வினையும் நோக்கற்பாலது. களத்திலே நெல்லைக் காற்றிலே தூற்றுங்கால் மணி அருகே விழும். பதர் தொலைவு செல்லும். உழவரிடையே வழங்கிய இச்சொல்லைப் பேச்சுக்குப் பொருத்தியவர் ஊர்வாயை நன்கறிந்தவராதல் வேண்டும்.

இனி, இப்பேச்சின் சுமை எவர்மேல் விழுகின்றது? அம்பலுக்கும் அலருக்கும் தலைவனே முதல்வன் எனத் தொல்காப்பியக் களவியல் கூறுகின்றது. இலக்கணம் காரணத்தை ஆண்மகனிடத்தே வைத்தது. ஆயின், வீட்டிலே அடைக்கப்படுபவளும் அடிக்கப்படுபவளும் தலைவியே. மணத்தின் பின்னரும் அவளுக்கு விடுதலை இல்லை. அலர் களவுக்கும் கற்புக்கும் பொதுவென்பது கற்பியல். குறுந்தொகையிலே (393) தலைவனுக்கு வாயில் மறுக்கும் தோழி, அவன் தழுவிய நாட்கள் மிகச் சிலவே என்றும், அலரோ அதிகன் களிற்றோடு வீழ்ந்த நாளிற் கொங்கர் எழுப்பிய ஆரவாரத்தினும் பெரிது என்றும் கூறுவதாகப் பரணர் பாடுகின்றார். ஒருவனது வீழ்ச்சியிலே பிறர் கொண்ட களிப்பு அங்கு உவமையாவது தற்செயலன்று.

நற்றிணை 149ஆம் பாடலில் (உலோச்சனார்) தெருவிலே நிற்கும் பெண்டிர், கடைக்கண்ணாற் பார்த்து, சுட்டுவிரலை மூக்கின் நுனியிலே வைத்து அம்பல் தூற்றுகின்றனர். அதைக் கேட்ட தாய் சிறுகோல் கொண்டு மகளை அடிக்கின்றாள். தூற்றுவோரும் அடிப்பவளும் பெண்களே என்பது கண்டு, இதனைப் பெண்ணின் இயல்பு எனச் சிலர் அமைதி கூறுவர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. மகளின் கற்பு குடியின் மதிப்பாகக் கருதப்பட்ட சமூகத்திலே, அக்காவல் இல்லத்துப் பெண்டிரிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. காவல் தவறின் முதற்கண் வினவப்படுபவளும் தாயே.

அப்பாடலின் முடிவிலேதான் சொல்லின் திசை மாறுகின்றது. நள்ளிரவிலே தேரூர்ந்து வரும் தலைவனோடு செல்வதெனத் துணிந்த நிலையில், இரைச்சல் மிக்க இவ்வூர் அலரைத் தானே சுமந்து கிடக்கட்டும் என்கின்றது பாட்டு. பொய்யென மறுக்கவுமில்லை, பொறுத்தருள வேண்டவுமில்லை. அதுவரை ஒருத்தி தலையிலே இருந்த சுமை, அதனைக் கட்டிய ஊரின் தலைக்கே மாற்றப்படுகின்றது.