மந்திர மருந்து என்ன விலை?

ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு தெரியுமா? அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கி, 1974-இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அப்படிப்பட்டது.

அதில் குடித்ததும் காயத்தை ஆற்றும் மருந்து ஒன்று உண்டு. 2014-ஆம் ஆண்டு விதிநூலில் ஒரு குப்பியின் விலை 50 தங்கக் காசு. சாதாரணக் கூலியாளின் ஒருநாள் சம்பளமோ 2 வெள்ளிக் காசு. 10 வெள்ளி சேர்ந்தால் 1 தங்கம். கணக்குப் போடுங்கள்: 50 தங்கம் என்றால் 500 வெள்ளி, அதாவது 250 நாள் கூலி! ஏழையாக வாழவே நாளுக்கு 2 வெள்ளி செலவாகும் என்கிறது அதே நூல். அப்படியானால் அவர் கையில் மிஞ்சுவது பூஜ்யம்.

இந்தக் கணக்கிலிருந்தே ஊரின் கதை பிறக்கிறது. பிரபு வீட்டுப் பெட்டியில் குப்பி இருக்கும். கூலியாளின் மகளுக்கு அடிபட்டால் கட்டுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் வைத்தியருக்கும் வேலை இருக்கும், திருடருக்கும் வேலை இருக்கும்! மருந்து மலிவாகக் கிடைத்தால் ஊரே வேறு மாதிரி ஆகிவிடும்.

சரி, வீரர்கள் டிராகனின் புதையலை மூட்டை மூட்டையாக ஊருக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும்? காசு பெருகும், ஆனால் ரொட்டியும் குதிரையும் பெருகாது. இருக்கும் பொருளுக்கு எல்லோரும் போட்டி போடுவதால் விலை ஏறும். இதுதான் பணவீக்கம். நிஜ உலகிலும் இது நடந்தது. 1324-இல் மாலிப் பேரரசர் மன்சா மூசா, மெக்கா செல்லும் வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி வழங்கினார். அங்கே தங்கத்தின் மதிப்பு சரிந்தது. பல ஆண்டுகளுக்குப் பின்னும் அது மீளவில்லை என்று அறிஞர் அல்-உமரி எழுதிவைத்தார்.

செய்து பாருங்கள்: உங்கள் கதைக்கு ஒரு மந்திரப் பொருளை உருவாக்குங்கள். பிறகு நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. அதை யார் செய்கிறார்?
2. மூலப்பொருள் எளிதில் கிடைக்குமா?
3. அதன் விலை எத்தனை நாள் கூலி?
4. அது வந்ததால் யாருடைய பிழைப்பு மாறும்?

நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அணையாத விளக்கைக் கண்டுபிடித்தால், விளக்கெண்ணெய் விற்பவருக்கும் உங்கள் கதையில் ஒரு வழி காட்ட வேண்டும்!