உங்களுக்குத் தெரியுமா? கருவிலேயே தொடங்கிவிடும் சர்க்கரைக் கணக்கு!

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை... கடலோரக் கர்ப்பிணிகளே, மாமியார்களே, முக்கியமாகக் கணவன்மார்களே! இந்த வாரம் தோண்டி எடுத்ததெல்லாம் உங்களுக்குத்தான்!

தாயின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போய்விடும். தாயின் இன்சுலின்? தாண்டவே தாண்டாது!

தாய்க்குச் சர்க்கரை எகிறினால், வந்து குவிவதைச் சமாளிக்க வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. கொழுப்பு சேர்கிறது. எடை 4 கிலோவைத் தாண்டலாம்!

“பீமன் பிறந்திருக்கான்!” என்று பாட்டி பூரிப்பார். பிறந்த சில மணி நேரத்தில் அந்தப் பீமனுக்கே ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கலாம்! தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிட்டது, இன்சுலின் நிற்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடு என்று நர்ஸம்மா விரட்டுவது சும்மா இல்லை!

மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த தாய்மாரின் குழந்தைகள் பிறக்கும்போது பெரிசு. ஒரு வயதில் பார்த்தால் மற்றக் குழந்தைகளோடு பெரிய வித்தியாசமே இல்லை! அப்பாடா என்கிறீர்களா? 5 வயதில் பெண் குழந்தைகளிடம் தோலடிக் கொழுப்பு திரும்பி வந்து நின்றது! இன்சுலினும் கூடுதல்! ஒன்பதரை வயதில் இன்சுலின் கோளாறில் ஆண் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்!

அதே மைசூரில் இன்னொரு ஆச்சரியம். 515 பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். மக்கு ஆகிவிடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? சர்க்கரை இருந்த தாய்மாரின் 32 பிள்ளைகள் சில சோதனைகளில் அதிக மதிப்பெண் வாங்கினார்கள்! காரணம் என்னைக் கேட்காதீர்கள். 32 பேரை வைத்து ஊருக்கே தீர்ப்பும் சொல்லாதீர்கள்!

அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா பழங்குடியினர். (நம்ம பீமன் அல்ல!) அங்கே கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருந்த தாய்மாரின் பிள்ளைகளில், 20-24 வயதுக்குள் சர்க்கரை நோய் வந்தவர்கள் 45 சதவீதம்! நோய் இல்லாத தாய்மாரின் பிள்ளைகளில்? வெறும் 1.4!

பரம்பரைதான் காரணம் என்பீர்கள். அங்கேயே கூடப்பிறந்தவர்களை ஒப்பிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை வருவதற்கு முன் பிறந்த பிள்ளையைவிட, வந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு நோய் வாய்ப்பு 3.7 மடங்கு!

இனி நம்ம பெருமை! தமிழ்நாட்டில் சுமார் 12,000 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 2008-ல் வெளியான கணக்கு: நகரத்தில் 17.8 சதவீதம் பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை. காற்றோட்டமான கிராமத்தில் இருக்காது என்கிறீர்களா? அங்கேயும் 9.9!

இந்த ஆய்வுக்குப் பின்னால் நின்றவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. 2022-ல் பத்மஸ்ரீ! அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் இந்தியா கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறது!

எல்லாக் கர்ப்பிணிக்கும் சர்க்கரைச் சோதனை என்று தமிழ்நாடு 2007-லேயே உத்தரவு போட்டுவிட்டது. மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது 2014-ல்! 7 வருஷம் முந்திக்கொண்டோம்!

சோதனை ரொம்ப எளிது. 75 கிராம் குளுக்கோஸ், 300 மில்லி தண்ணீர். 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு ஊசிக்குத்து. ரத்தச் சர்க்கரை 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை! பாம்பனிலிருந்து பட்டினியாகப் பஸ் ஏற வேண்டாம். இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம்! முதல் தடவை போகும்போதே ஒன்று, 24-28 வாரத்தில் இன்னொன்று.

“கருப்பட்டிதானே, ஒண்ணும் செய்யாது!” செய்யும். அதுவும் சர்க்கரையைக் கிடுகிடுவென ஏற்றும்! கீழக்கரைத் தொதல் இனிப்புக்கும் சலுகை கிடையாது!

ஆனால் நெத்திலி, சாளை, சூடையில் மாவுச்சத்து எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்டப் பூஜ்யம்! பொரிக்காமல் குழம்பு வையுங்கள், சோற்றைக் குறையுங்கள். 2 வாரம் இப்படிச் சாப்பிட்டும் சர்க்கரை அடங்காவிட்டால்தான் மருந்து!

குழந்தை பிறந்ததும் அம்மாவின் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் பின்னாளில் அவருக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது 7 மடங்கு! அதனால் 6 வாரம் கழித்து அதே 75 கிராம், அதே 2 மணி நேரம். இந்தத் தடவை மட்டும் வெறும் வயிற்றோடு!