மார்கழி மூட்டத்தில் மனசு ஏன் சோர்கிறது?

கங்கைகொண்டானில் நாலு நாளாகத் துணி காயாமல் கொடியில் முடைநாற்றம் அடிக்கிறது. "ஏல, மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டிருக்க?" என்கிறாள் ஆச்சி.

பகல் சுருங்கியதுதான் காரணமென்று சொல்ல முடியாது. இங்கே டிசம்பரிலும் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல்; லண்டனில் எட்டுகூட இல்லை. 1984-இல் நார்மன் ரோசென்தால் குழு விவரித்த குளிர்கால மனச்சோர்வு அதிகம் தாக்குவது அந்த மாதிரி ஊர்களைத்தான். நம்மைப் பிடிப்பது பெரும்பாலும் மேகமும் வீட்டடைப்பும்.

விழித்திரையில் வெளிச்சத்தை அளக்கவென்றே சில செல்கள் உண்டு. அவை 'விடிந்தாச்சு' என்று மூளைக் கடிகாரத்துக்குச் சொன்னால் இரவு ஹார்மோனான மெலட்டோனின் அடங்கும். டியூப்லைட் அறையில் வெளிச்சம் 300 லக்ஸ் இருந்தாலே அதிகம். மூடிய வானத்தின் கீழ்கூட ஆயிரக்கணக்கில் கிடைக்கும். கண் சட்டென்று பழகிவிடுவதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை.

மேலைநாட்டில் காலையில் 10,000 லக்ஸ் விளக்கின்முன் அரைமணி உட்காரச் சொல்வார்கள். நமக்கு, ஆறரைக்கு விடிந்ததும் குடையோடு குளத்தங்கரை வரை ஒரு நடை போதும். இரண்டு வாரமாகியும் எதிலும் பிடிப்பில்லையென்றால் டாக்டரைப் பாருங்கள்.

ஆச்சி போடும் மார்கழிக் கோலம் இருட்டிலேயே முடிந்துவிடுவதால் கணக்கில் சேராது. அப்புறம் காபியோடு திண்ணையில் உட்காருகிறாளே, அது சேரும்.