அழிந்த கோப்பும் காப்புப் பிரதியும்

சிலேட்டில் எழுதியதைக் கையால் துடைத்துவிட்டால் அது போனது போனதுதான். கணிப்பொறியில் அழிப்பது அத்தகையதன்று. பெரிய நூல்நிலையம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு நூலை நீக்க விரும்பும் அலுவலர் அலமாரிப் பக்கமே போவதில்லை. நூற்பட்டியலிலுள்ள அட்டையை மட்டும் கிழித்துவிடுகிறார். நூல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த இடம் காலி என்று பட்டியல் சொல்வதால், அடுத்து வரும் நூலை அங்கே வைத்துவிடுகிறார்கள். அப்பொழுதுதான் பழையது மெய்யாகவே மறைகிறது. பெரும்பாலான கணிப்பொறிகள் கோப்பை அழிக்கும் முறை இதுவே. ஆகையால், தவறிப்போய் ஒன்றை அழித்தவர் அதே வட்டில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் உடனே நிறுத்திவிட வேண்டும். புதுவகைத் திண்மநிலை வட்டுகளில் இந்த நம்பிக்கையும் குறைவு. காலி இடங்களை அவை தாமாகவே விரைவில் துப்புரவு செய்துவிடுகின்றன.

அலுவலகத்தின் நிலைமை இன்னும் கடினமானது. பலர் சேர்ந்து பயன்படுத்தும் சர்வரிலிருந்து அழித்த கோப்பு பெரும்பாலும் நம் மேஜைக் கணிப்பொறியின் குப்பைக்கூடைக்கு வருவதில்லை. அங்கே நமக்குக் கதி காப்புப் பிரதிதான்.

சாதாரணக் கடிதத்துக்கு நகல் எடுப்பது எளிது. தரவுத்தளத்துக்கு அப்படி எடுக்க முடியாது. ஏனெனில் அது ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் எழுதிக்கொண்டிருக்கும் பேரேடு. முதற் பக்கத்தை நகல் எடுத்தபோது இராமனின் பணம் அவன் கணக்கிலேயே இருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வருவதற்குள் அது கோபாலன் கணக்குக்குப் போய்விட்டது. நகலில் இருவரிடமும் பணம் இருக்கும்! அந்த நகல் பொய்க் கணக்கு. ஆதலால் தரவுத்தளத்தை ஒரே கணத்தில் உறைய வைத்தாற்போல் படம் பிடிக்க வேண்டும். அல்லது அதற்கென்றே அமைந்த கருவியைக் கொண்டு பிரதி எடுக்க வேண்டும்.

இதற்கு மேல் இன்னொரு ஏற்பாடும் உண்டு. நம் பழைய கடைகளின் கணக்குப்பிள்ளைகள் அதை நன்கு அறிவர். அவர்கள் நடந்ததை நடந்தபடி முதலில் குறிப்பேட்டில் பதிந்து, பிறகே பேரேட்டில் ஏற்றுவார்கள். நல்ல தரவுத்தளமும் அவ்வாறே செய்கிறது. ஞாயிறன்று எடுத்த பேரேட்டு நகலும், அதன் பின் எழுதிய குறிப்பேடு முழுவதும் கைவசம் இருந்தால், செவ்வாய்க்கிழமை அழிவு நேர்ந்த நிமிஷத்துக்கு முந்திய நிமிஷம் வரை கணக்கைத் திரும்ப எழுதிவிடலாம். குறிப்பேட்டைச் சேமிக்காதவருக்கு ஞாயிற்றுக்கிழமையோடு கணக்கு முடிந்தது.

இவையெல்லாம் ஏட்டளவில் இருப்பதற்கும் நடைமுறைக்கும் எவ்வளவு தூரம் என்பதை 2017-ஆம் ஆண்டில் கிட்லேப் என்ற நிறுவனத்துக்கு நேர்ந்தது காட்டுகிறது. மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையை நடத்தும் நிறுவனம் அது. முதன்மைச் சர்வரில் எழுதுவதையெல்லாம் உடனுக்குடன் பின்தொடர்ந்து எழுத அங்கே ஒரு துணைச் சர்வர் இருந்தது. ஜனவரி 31 அன்று வேலைப் பளு மிகுந்ததால் துணைச் சர்வர் பின்தங்கிவிட்டது. அது படித்து முடிப்பதற்குள் முதன்மைச் சர்வர் பழைய குறிப்பேட்டுப் பக்கங்களைக் கழித்துவிட்டது. அவற்றை வேறெங்கும் சேமிக்கும் ஏற்பாடும் இல்லை. ஆகவே துணைச் சர்வரைக் காலிசெய்து, முழுவதையும் புதிதாக நகல் எடுக்க முனைந்தார்கள். அம்முயற்சி பலமுறை தடைப்பட்டது. உலகப் பொது நேரப்படி இரவு 11 மணிக்கு மேல், ஒரு பொறியாளர் துணைச் சர்வரின் தரவு அடைவை மீண்டும் அழிப்பதாக எண்ணிக்கொண்டு முதன்மைச் சர்வரில் கட்டளையிட்டுவிட்டார். ஓரிரு விநாடிகளில் தவறு தெரிந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிகாபைட் அளவுள்ள தரவில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியிருந்தது.

காப்புப் பிரதி இருக்கிறதே என்று தேடினார்கள். நாள்தோறும் பிரதி சேர வேண்டிய களஞ்சியம் வெறுமையாக இருந்தது. பிரதி எடுக்கும் கருவி பழைய பதிப்பாகவும் தரவுத்தளம் புதிய பதிப்பாகவும் இருந்ததால் அந்த வேலை தோல்வியுற்று வந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் புறப்படத்தான் செய்தன. அனுப்புநரை உறுதிப்படுத்தும் ஏற்பாடு அவற்றுக்கு இல்லாமையால் பெறும் இடத்தில் அவை நிராகரிக்கப்பட்டன. அந்நிறுவனத்தார் பின்னர் வெளியிட்ட அறிக்கையில் என் மனத்தை மிகவும் உறுத்திய பகுதி இதுவே. காவற்காரன் கூவியிருக்கிறான், கதவு மூடியிருந்ததால் யார் காதிலும் விழவில்லை. வட்டை முழுமையாகப் படம்பிடிக்கும் மற்றொரு வசதியோ வேறு சர்வர்களுக்கு உண்டு, தரவுத்தளச் சர்வர்களுக்கு இல்லை.

கடைசியில் கைகொடுத்தது தற்செயல். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன், மாலை 5.20 அளவில், வேறொரு சோதனைக்காகக் கையால் எடுத்த படம் ஒன்று சோதனைச் சர்வரில் இருந்தது. அதைக் கொண்டே மீட்டார்கள். அந்தச் சர்வரின் வட்டுகள் மெதுவானவை. நகல் எடுப்பதிலேயே மணிக்கணக்கில் சென்றது. மறுநாள் மாலை 6 மணி அளவில்தான் சேவை திரும்பியது. மீட்பு வேலையை உலகம் பார்க்க யூடியூபில் நேரடியாக ஒளிபரப்பினார்கள்; வெட்கப்பட்டு மறைக்காத இச்செயலை நான் பெரிதும் மதிக்கிறேன். நிரல்கள் தனியே வைக்கப்பட்டிருந்தமையால் அவை தப்பின. ஆனால் அந்த 6 மணி நேரத்துக்குள் பதிவானவை, அதாவது ஏறத்தாழ 5,000 திட்டப் பதிவுகள், 5,000 கருத்துரைகள், 700 புதிய பயனர் கணக்குகள் போய்விட்டன.

பிறகு அவர்கள் செய்யத் தீர்மானித்தவற்றுள் இரண்டைச் சொல்கிறேன். எடுத்த பிரதியிலிருந்து தரவுத்தளத்தை உண்மையிலேயே மீட்டுப் பார்க்கும் சோதனையைத் தானியங்கியாக நடத்துவது ஒன்று. மற்றொன்று மிகச் சிறியது: கட்டளை எழுதும் வரியின் தொடக்கத்திலேயே, தாம் இப்போது எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்படி அதன் தோற்றத்தை மாற்றி அமைப்பது.