வளைவில் இடம் மாறும் 400 கிலோ

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் ஒன்று இயங்கிவருகிறது. நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். 12 வளைவுகள். பந்தயம் இல்லாத நாட்கள் சிலவற்றில் அங்கே ‘டிராக் டே’ நடக்கும். கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, அலுவலகத்துக்கு ஓட்டிப்போகும் சொந்தக் காரையே தடத்தில் விரட்டலாம். கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீடுவேயிலும் இந்த வழக்கம் உண்டு. போட்டியும் கிடையாது, கோப்பையும் கிடையாது. தன் நேரத்தைத் தானே குறைப்பதுதான் ஆட்டம்.

முதல் முறை போய் வந்தவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: “கார் ரொம்பச் சாயுது. ஸ்பிரிங்கை மாத்தி கொஞ்சம் இறக்கிடலாம்.” பார்க்கவும் அழகாக இருக்கும் என்பதால் இந்த யோசனையை யாரும் மறுப்பதில்லை. ஆனால் இந்த ஒரு வேலையை மட்டும் செய்துகொண்டு திரும்பப் போகிறவருடைய கார், முன்பைவிட மோசமாக வளைவதற்கும் வாய்ப்பு உண்டு. ஏன் என்று புரிய, பள்ளிக்கூடக் கணக்கு கொஞ்சம் போதும்.

1200 கிலோ எடையுள்ள கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 150 சென்டிமீட்டர். வளைவில் காரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடைக்குச் சமமாக, அதாவது ஒரு ‘ஜி’ அளவுக்கு, இருந்தால் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு எவ்வளவு சுமை நகரும்? எடையை உயரத்தால் பெருக்கி அகலத்தால் வகுக்க வேண்டும். விடை 400 கிலோ. நேராகப் போகும்போது பக்கத்துக்கு 600 கிலோ தாங்கிய சக்கரங்கள், வளைவில் வெளிப்பக்கம் 1000, உள்பக்கம் 200 என்று ஆகிவிடுகின்றன.

இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கே வந்தது? வரவே இல்லை. கார் சாய்வதும் சுமை நகர்வதும் வேறு வேறு சங்கதிகள். கல் போன்ற ஸ்பிரிங்கைப் போட்டுச் சாய்வை முழுக்க நிறுத்தினாலும் அந்த 400 கிலோ நகர்ந்தே தீரும். சாயும்போது ஈர்ப்பு மையமும் சற்றே பக்கவாட்டில் போகும் என்பது உண்மை. அதனால் கூடும் சுமை சொற்பம்.

சுமை நகர்ந்தால் என்ன கெட்டது? டயர் ரப்பரின் குணம்தான் சிக்கல். சுமை கூடக் கூடப் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. சம்பளத்தை இரட்டிப்பாக்கினால் வேலையும் இரட்டிப்பாகும் என்று நம்பும் முதலாளிக்கு நேர்கிற கதைதான் இங்கும். ஒரு பேச்சுக்கு, 300 கிலோ சுமையில் 300 கிலோ பிடிப்புத் தரும் டயர், 450 கிலோவில் 414-தான் தருகிறது. 150 கிலோவில் 162 தருகிறது என்று வைப்போம். சமமாகத் தாங்கிய இரண்டு டயர்கள் சேர்ந்து 600 தந்தன. ஏற்றத்தாழ்வாகத் தாங்கும்போது 576. ஒரே அச்சில் இரண்டு டயர்களுக்கும் சுமை எவ்வளவுக்கு எவ்வளவு வேறுபடுகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்த அச்சு பிடிப்பை இழக்கிறது.

சஸ்பென்ஷனின் விளையாட்டு இங்கேதான் தொடங்குகிறது. நகரும் மொத்தச் சுமையை ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஆன்ட்டி ரோல் பாரும் மாற்ற முடியாது. அதில் எவ்வளவு முன் அச்சு வழியாக, எவ்வளவு பின் அச்சு வழியாக நகர வேண்டும் என்பதை மாற்ற முடியும். எந்த முனை கெட்டியாக இருக்கிறதோ, அந்த முனை அதிகப் பங்கை வாங்கிக்கொண்டு பிடிப்பை அதிகமாக இழக்கும்.

நம் ஊர்த் தடங்களில் சாதாரணமாகக் காணக்கூடிய போலோ, ஸ்விஃப்ட் போன்ற கார்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால். எடையில் பெரும்பகுதி முன் சக்கரங்கள் மேல். திருப்புவதும் அவைதான், இழுப்பதும் அவைதான். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் மூக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும், இதுதான் அண்டர்ஸ்டியர். இதைத் திருத்த நினைப்பவர் முன்பக்கத்தைக் கெட்டிப்படுத்தினால், முன் டயர்களிடமிருந்து இன்னும் கொஞ்சம் பிடிப்பைப் பறிக்கிறார். பின்பக்கத்தைக் கெட்டிப்படுத்துவதே பொதுவாகச் சரியான வழி. இந்த வகைக் கார்கள் வேகமாக வளையும்போது உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு எழும்புவதைப் புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். அது விபத்தின் அறிகுறி அல்ல. பின் அச்சு தன் பங்குச் சுமையை முழுக்க நகர்த்திவிட்டது என்று பொருள்.

ஆன்ட்டி ரோல் பாரில் கைவைக்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 22 மில்லிமீட்டர் போட்டால், கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டு மில்லிமீட்டர் 46 சதவீதம் கூடுதல் விறைப்பு. அளவு மீறினால், வளைவின் நடுவே பயந்து ஆக்ஸிலேட்டரை விடும் கணத்தில் பின்பக்கம் வெளியே வீசும். மழை நாளில் கேட்கவே வேண்டாம்.

இதையெல்லாம் கணக்குப் போட்டுச் செய்யலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் மாரிஸ் ஆலி. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930-இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்துக்குப் போன பொறியாளர். ஏழு பேர் உட்காரும் லிமோசின் ஒன்றின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளைத் தொங்கவிட்டு, எடைப் பங்கீட்டையும் ஸ்பிரிங்கையும் மாற்றி மாற்றி ஆட்களை உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார். அவர் தேடியது சொகுசுப் பயணம். பந்தயக்காரர்கள் இன்றும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

இனி, காரை இறக்கும் விஷயம். ஈர்ப்பு மையம் இறங்கினால் நகரும் சுமை குறையும் என்பது சரி. ஆனால் நம் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. சக்கரத்தைக் கீழே ஒரு கை பிடித்திருக்கும்; மேலே ஷாக் அப்சார்பரே தாங்கும். காரை 40 மில்லிமீட்டர் இறக்கினால், வெளிப்பக்கமாகச் சற்றுத் தாழ்ந்திருந்த அந்தக் கை மட்டமாகிவிடும், அல்லது மேல்நோக்கித் திரும்பிவிடும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் சாய வைக்கும் நெம்புகோலின் நீளம் கூடியது என்று அர்த்தம். சாய்வைக் குறைக்கச் செலவழித்த பணத்தில் பாதி சாய்வைக் கூட்டப் போகிறது. போதாததற்கு, ஸ்பிரிங் அமுங்க மிச்சமிருக்கும் தூரமும் குறைந்து, வளைவின் நடுவே பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும். அந்தக் கணத்தில் முன்பக்க விறைப்பு திடீரென்று பல மடங்கு ஏறும்; மூக்கு நேராக ஓடும். பழக்கமில்லாத ஓட்டுநருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

அப்படியானால் எதைத் தொடுவது? என்னைக் கேட்டால், முதலில் கேம்பர். சக்கரத்தின் மேல்பகுதி காரை நோக்கி உள்ளே சாய்ந்திருக்கும் கோணம் அது. வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே சாய்ந்து, டயரின் வெளி ஓரத்தில் நிற்கும். முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்தால், வளைவில் அது தரையில் முழுசாகப் படியும். ஷோரூமிலிருந்து வரும் சாதாரணக் காரில் இந்தக் கோணம் ஒரு டிகிரிகூட இருக்காது. தடத்துக்கு 2 முதல் 3 டிகிரி வரை வைப்பார்கள். மக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் கேம்பர் போல்ட், கேம்பர் பிளேட் என்று இதற்கு வழிகள் உண்டு.

போதுமா இல்லையா என்று டயரே சொல்லும். நாலைந்து சுற்று விரட்டிவிட்டு பிட்டுக்குள் வந்ததும், சூடு ஆறுவதற்குள் ஊசி முனை வெப்பமானியை ரப்பருக்குள் குத்தி மூன்று இடத்தில் அளக்க வேண்டும். வெளி ஓரம் 95, நடு 85, உள் ஓரம் 75 டிகிரி என்று வந்தால் கேம்பர் போதவில்லை. உள் ஓரம் சில டிகிரி கூடுதல் சூடாக இருப்பதே நல்லது. வெப்பமானி இல்லாதவருக்குச் சாக்பீஸ் இருக்கிறது. டயரின் தோள்பட்டையில், பக்கச்சுவர் வரை கோடு இழுத்துவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வரும்போது கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ, அதுவரை டயர் புரண்டிருக்கிறது. எழுத்து பொறித்த பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் கேம்பரோ காற்றோ குறைவு.

காற்று என்றதும் நினைவுக்கு வருவது, பெட்ரோல் பங்கில் 33 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு நேரே தடத்துக்குப் போகிறவர்கள். காலையில் 35 டிகிரி வெப்பத்தில் 30 பி.எஸ்.ஐ. இருந்த டயருக்குள், ஓட ஓடக் காற்று 85 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் 37-ஐத் தாண்டும். அதனால் குளிர்ந்த நிலையில் எத்தனை என்று பார்ப்பதில் பயனில்லை. சூட்டோடு அளந்து, வேண்டிய அளவுக்கு இறக்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி ஏற்றவும் வேண்டும்.

ஷாக் அப்சார்பரை இரண்டாவதாக வைப்பேன். எந்த அச்சு வழியாக எவ்வளவு சுமை நகரும் என்பதை ஸ்பிரிங் முடிவு செய்கிறது. எவ்வளவு சீக்கிரம் என்பதை ஷாக் முடிவு செய்கிறது. பிரேக்கை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பும் அந்த அரை விநாடியில் காரின் நடத்தை முழுக்க அதன் கையில். தேய்ந்துபோன ஷாக்கோடு புது ஸ்பிரிங் போடுவது வீண். கெட்டி ஸ்பிரிங் திருப்பித் தள்ளும் வேகத்தைப் பழைய ஷாக்கால் அடக்க முடியாது. தொடர்ந்து உழைத்தால் அதற்குள்ளிருக்கும் எண்ணெய் சூடாகி நுரைக்கும் என்பதால்தான், நைட்ரஜன் அழுத்தம் கொண்ட மோனோடியூப் வகையைத் தடத்தில் விரும்புகிறார்கள்.

உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய காயில்ஓவர் வைத்திருப்பவர்கள் நான்கு சக்கரத்துக்கும் அடியில் தனித்தனித் தராசு வைத்து எடை பார்ப்பது அவசியம். ஓட்டுநர் சீட்டில் அவரோ அவர் எடைக்கு மணல் மூட்டையோ இருக்க வேண்டும். ஒரு மூலையைத் திருகி உயர்த்தினால் அந்தச் சக்கரத்திலும் அதற்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்திலும் சுமை ஏறும்; மற்ற இரண்டில் இறங்கும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக வந்தால்தான் கார் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி வளையும். கண்ணால் பார்த்து நான்கையும் ஒரே உயரத்தில் வைப்பது இதற்கு ஈடாகாது.

சஸ்பென்ஷன் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஈரம் ஏறிய பழைய டாட் 4 பிரேக் ஆயில் 155 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிக்கத் தொடங்கலாம். புதியது 230-க்கு மேல் தாங்கும். கொதித்தால் பெடல் தரை வரை போகும். அப்போது கேம்பர் எத்தனை டிகிரி என்று யாரும் கேட்கப்போவதில்லை.

கடைசியாக, சட்டமும் காப்பீடும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வழக்கமான காப்பீடு, பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தராது. பாலிசியை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். முதல் டிராக் டேக்குப் புது பிரேக் ஆயில், நல்ல டயர், ஒரு காற்றழுத்தமானி, ஒரு சாக்பீஸ் போதும். ஸ்பிரிங் வாங்க வைத்திருக்கும் பணத்தை அங்கே பயிற்சி தருகிற ஓட்டுநரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைக்கச் செலவழியுங்கள்.