பூவில் எடுக்க முடியாத மணம்

ஆன் பாஸான் (நறுமண நீர்)
ஆக்கம்: ஒலிவியா ஜியகோபெட்டி
வெளியீடு: ஃபிரெடெரிக் மால், பாரிஸ், 2000

பால்கன் மலைப்பகுதியின் புதர்ச்செடியான லைலாக், 16ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிள் வழியாக மேற்கு ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வந்தது. வசந்தத்தில் சில வாரங்களே பூக்கும்.

ரோஜா, மல்லிகையைப்போலன்றி இதிலிருந்து வாசனை எண்ணெய் எடுப்பது எளிதல்ல. காய்ச்சி வடித்தாலும் கரைப்பானில் ஊறவைத்தாலும் பூவின் உண்மையான மணம் தங்குவதில்லை. அதனால் வாசனைக் கலைஞர்கள் வேறு பொருள்களைக் கூட்டி அம்மணத்தை உருவாக்குகிறார்கள். டெர்பினியால் லைலாக்கின் இனிமையைத் தரும்; ஹெலியோட்ரோபின் பவுடர் போன்ற மென்மையைச் சேர்க்கும்; துளி இண்டோல் மலர்ந்த பூவின் கனத்தைக் கொடுக்கும்.

ஜியகோபெட்டி வெள்ளை லைலாக் மணத்துடன் வெள்ளரியையும் கோதுமையையும் இணைத்து, மழை ஓய்ந்த வசந்த நாளின் குளுமையைக் கொண்டுவந்தார்.

கீழுள்ள மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூவோடு வெள்ளரியின் ஈரவாசமும் தெரிகிறதா?