சாண எரிவாயுக் கலமும் குளிர்காலமும்

சாணத்தினின்று எரிவாயு பெறும் மிதக்கும் கொப்பரைக் கலத்தை ஜஷ்பாய் படேல் 1950-களில் உருவாக்கினார். கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960-களில் அதனை நாடெங்கும் பரப்பிற்று. இக்கலத்தைக் கட்டுவோர் முதலில் தெளிய வேண்டுவது, அதன் அளவை நிர்ணயிப்பது எது என்பதேயாகும்.

காற்றுப் புகாத கலத்தினுள் நிகழும் வினையைச் சுருங்கக் கூறின் இரு படிகளாகப் பிரிக்கலாம். முதலில், ஒருவகை நுண்ணுயிர்கள் சாணத்தைச் சிதைத்து அமிலங்களாக்குகின்றன. பின்னர், வேறு வகையின அவ்வமிலங்களிலிருந்து மீதேன் வாயுவை உண்டாக்குகின்றன. முதல் வகை விரைவாகவும், இரண்டாம் வகை மெதுவாகவும் பெருகும். நாள்தோறும் புதிய கரைசல் உட்செல்ல, அதே அளவு பழையது வெளியேறுகிறது. கரைசல் போதிய நாட்கள் தங்காவிடில், மீதேன் நுண்ணுயிர்கள் பெருகுமுன்னரே அடித்துச் செல்லப்படும்.

இவ்வினை 35 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய வெப்பநிலையில் நன்கு நடைபெறும். 20 டிகிரிக்குக் கீழே தளரும். 10 டிகிரியளவில் ஏறக்குறைய நின்றுவிடும். ஆதலின் கரைசல் தங்கும் காலம் தமிழ்நாடு போன்ற வெப்பமான மாநிலங்களுக்கு 30 நாட்களெனவும், இமாசலப் பிரதேசம் போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளுக்கு 55 நாட்களெனவும் கொள்ளப்படுகிறது. நாளொன்றுக்கு 25 கிலோ சாணத்தை 25 லிட்டர் நீரில் கரைத்து இடுவதாயின், சுமார் 50 லிட்டர் கரைசல் சேரும். இதற்கு முன்னைய இடத்தில் 1,500 லிட்டரும், பின்னைய இடத்தில் 2,750 லிட்டரும் கொள்ளும் கலம் வேண்டும். சாணம் ஒன்றே, வினையின் வேகமே வேறு.

குளிர்காலத்தில் அடுப்பின் சுடர் தாழ்ந்தவுடன் கூடுதலாகச் சாணம் இடத் தோன்றுவது இயல்பு. ஆனால் அது தீங்கே விளைவிக்கும். அமிலம் தேங்கி, மீதேன் நுண்ணுயிர்கள் நலிவுறும். கரியமில வாயு மிகுந்து, வரும் வாயுவும் எரியாது. நீல லிட்மஸ் தாள் நன்கு சிவக்குமாயின், சில நாட்கள் சாணமிடுவதை நிறுத்தி, பின்னர் சிறிது சிறிதாகத் தொடங்குதல் வேண்டும். வெயிலில் சூடேறிய நீரில் சாணத்தைக் கரைப்பதும், கலத்தைச் சுற்றி வைக்கோல் போர்த்துவதும் பயன் தரும்.

ஆசிரியர்கள் இரு புட்டிகளில் ஒரே கரைசலை முக்காலளவு நிரப்பி, வாயில் பலூன் கட்டி, ஒன்றை வெதுவெதுப்பான இடத்திலும் மற்றொன்றைக் குளிர்ந்த இடத்திலும் தீயினின்று விலக்கி வைக்கலாம். சில வாரங்களில் இரு பலூன்களின் வேறுபாடு, வெப்பத்திற்கும் வினையின் வேகத்திற்கும் உள்ள தொடர்பை மாணவர்க்கு விளக்கிவிடும்.